பீலித் தண்ணியின் நிறம்

சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே ஷெரோமிக்குத் தெரிந்துவிட்டது. சோதனை மருந்து விட்டதும் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர், செம்பருத்திப் பூவைக் கசக்கிப் பிழிந்ததுபோல் சிவந்து நின்றது. முந்தின நாள்தான் மீன் தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். போன வாரமும் மாற்றினாள். பாதியை மாற்றினால் அழுக்கும் பாதியாகக் குறைய வேண்டும். இங்கே என்னடாவென்றால் ஏறிக்கொண்டே போனது.

குழாயைக் கழுவினாள், மறுபடி தண்ணீர் எடுத்தாள், மருந்துச் சொட்டுகளை விட்டாள், கை வலிக்கக் குலுக்கினாள். நிறம் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியவில்லை. வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது அதே சிவப்பு.

டயகமைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைத் தாண்டிப் போனால், ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனிவீடு ஷெரோமி குடும்பத்தினுடையது. முன் அறையில் மாதா படத்துக்குக் கீழே, ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர். வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு மீன் ஒரு ஜோடி, தோல் மாதிரித் தடித்த ஒரு பவளம், பச்சை நட்சத்திரங்களைப் பரப்பினாற்போல் பாறையில் படர்ந்த இன்னொன்று. பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதலில் கேட்டது ஒன்றுதான்: இந்தக் குளிரில் இதுகள் எப்படி உயிரோடு கிடக்கின்றன? தண்ணீரைச் சூடாக்க ஒரு கம்பி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஷெரோமி மாலைதீவில் ஒரு உல்லாச விடுதியில் வேலை பார்த்தவள். துணி வெளுக்கும் பகுதிக்குப் போனவளை, நீந்தப் பயப்படாதவள் என்று கண்டு, பவளம் வளர்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். உடைந்த பவளத் துண்டுகளைக் கம்பிச் சட்டத்தில் கட்டிக் கடலுக்குள் இறக்குவது அங்கே வேலை. மலையில் பிறந்தவளுக்குக் கடல் அப்படிப் பிடித்துப்போகும் என்று அவளே நினைத்ததில்லை. விடுதி கைமாறியதும் பழைய ஆட்களை அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தவளுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. அட்டன் வரைக்கும் பஸ்ஸில் போவாள், ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவாள். அம்மா தெரேசா மாப்பிள்ளை பார்த்தாள். வந்தவர்களில் ஒருவர் தொட்டியும் கூட வருமா என்று கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது. நீர்கொழும்பில் கடல்மீனும், தன் தொட்டியிலேயே வெட்டி வளர்த்த மென்பவளமும் விற்கிற துஷாந்த் என்பவரிடமிருந்து இதையெல்லாம் அவள் கொண்டுவந்து வைத்த பிறகுதான் வீட்டில் இருப்புக் கொண்டாள்.

இப்போது அந்த இருப்பும் போயிற்று. நட்சத்திரப் பவளம் மூடிக்கொண்டு நாளாகிவிட்டது. தோல்பவளம் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. கண்ணாடியில் காலையில் சுரண்டிய பாசி சாயங்காலத்துக்குள் மறுபடி படிந்தது. குழாயைச் சிவக்க வைப்பது நைட்ரேட் என்று துஷாந்த் சொல்லியிருந்தார்; பள்ளிக்கூடத்தில் நைத்திரேற்று என்று படித்ததும் அதுதான். மீன் எச்சமும் மிஞ்சிய இரையும் மக்கி மக்கிக் கடைசியில் அதுவாகத்தான் தண்ணீரில் தங்கும், பவளத்துக்கு அது ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். இரையைக் குறைத்தாள். மணலுக்குள் குழாயை விட்டுக் கசடை உறிஞ்சினாள். தொட்டியின் பின்பக்கத் தடுப்பறையில் சுருட்டை முடி மாதிரியான கடற்பாசியைப் போட்டு விளக்கு வைத்தாள். வோட்காவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நல்ல கிருமிகள் பெருகி நைட்ரேட்டைத் தின்னும் என்று எங்கோ படித்து, ஒரு குட்டிப் போத்தல் வாங்கி அலுமாரியில் வைத்தாள். அது அம்மாவின் கண்ணில் பட்டது. மீனுக்கு என்று சொன்னாள். தெரேசா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தாள்.

வீட்டில் வேறு கவலையும் இருந்தது. தம்பி றொக்சனுக்கும் ஷாமிலாவுக்கும் பிறந்த பெண் குழந்தை தலை நிற்கிற பருவத்தில் இருந்தது. ஷாமிலாவுக்கு மார்பில் கட்டி வந்து அறுத்ததில் தாய்ப்பால் நின்றுவிட, பால்மா கரைத்துச் சூப்பிப் போத்தலில் கொடுத்தார்கள். கொஞ்ச நாளாகக் குழந்தையின் உதடும் நகமும் ஒரு மாதிரிச் சாம்பல் நீலமாகத் தெரிந்தன. குளிர்தான் காரணம் என்று கம்பளியை இரட்டையாகச் சுற்றினார்கள். கிளினிக்கில் காட்டியபோது இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று நுவரெலியாவுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரும் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தெரேசா தன்னால் ஆனதைச் செய்தாள். பாலுக்கு வைக்கும் தண்ணீரை முன்பு ஒரு கொதி விட்டவள், இப்போது கேத்தல் பாதியாக வற்றும்வரை கொதிக்க வைத்தாள்.

அன்று காலை, இரண்டாவது முறையும் குழாய் சிவந்த பிறகு, ஷெரோமி துஷாந்தை அழைத்தாள். செய்ததையெல்லாம் ஒப்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உப்புக் கரைக்க எந்தத் தண்ணீர் எடுக்கிறாய் என்று கேட்டார். ஊற்றுத் தண்ணீர் என்றாள். வடிகட்டும் இயந்திரம் வாங்கச் சொன்னேனே, வாங்கவில்லையா என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. மலையிலிருந்து நேராக வரும் தண்ணீர் அது. டயகமை பஜாரிலிருந்து வேன்காரர்கள்கூட நிறுத்திப் பிடித்துக்கொண்டு போவார்கள். நீர்கொழும்புத் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு அது எங்கே தெரியப் போகிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க," என்றார் துஷாந்த். "தொட்டித் தண்ணிய விடுங்க. ஊத்துற தண்ணிய ஒருக்கா சோதிச்சுப் பாருங்க."

அவரைப் பொய்யாக்குவதற்காகவே குசினிக் குழாயைத் திறந்து சோதனைக் குழாயில் பிடித்தாள். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். சொட்டுகளை விட்டுக் குலுக்கினாள். இந்தத் தடவை நடக்கவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மஞ்சள் ஆரஞ்சாயிற்று. ஆரஞ்சு கறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் தொட்டித் தண்ணீரோடு பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாத சிவப்பில் வந்து நின்றது.

முதலில் அவளுக்கு வந்தது ஆத்திரம்தான். வாரக்கணக்காக முதுகு ஒடிய இறைத்து, இறைத்து, வியாதியையே அல்லவா ஊற்றியிருக்கிறோம். அது மட்டுமா? சூட்டில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாக நாள்தோறும் ஒரு குடம் இதையே ஊற்றினாள். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகப் போகும். அதில் இருந்தது தொட்டியிலேயே தங்கும். ஊற்ற ஊற்ற அதுதான் கெட்டிப்பட்டுக்கொண்டு போயிருக்கிறது.

அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. மூடி தடதடவென்று ஆடியது. பக்கத்தில் தெரேசா நின்று, இன்னும் கொஞ்சம் வற்றட்டும் என்று விறகை உள்ளே தள்ளினாள். ஷாமிலா பால்மா டின்னோடு காத்திருந்தாள்.

ஷெரோமி கேத்தலைப் பார்த்தாள். அதன் மூக்கிலிருந்து போகும் ஆவியைப் பார்த்தாள். தொட்டியில் நடந்ததுதான் அதற்குள்ளும் நடந்துகொண்டிருந்தது.

போனை எடுத்துத் தேடினாள். படித்ததை மறுபடி படித்தாள். பச்சைக் குழந்தைகளுக்கு, அதுவும் மா கரைத்துக் குடிக்கிற குழந்தைகளுக்கு, இந்த நைட்ரேட் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. உடம்பு நீலம் பாய்ந்துபோகும். கொதிக்க வைத்தால் குறையாது, கூடும்.

அதற்குள் ஷாமிலா பாலைக் கலந்து குழந்தையின் வாயில் வைத்துவிட்டாள். ஷெரோமி பாய்ந்து போய்ப் போத்தலைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது.

"குடுக்காத ஷாமிலா. தண்ணியிலதான் இருக்கு. நம்ம தண்ணியிலதான்."

ஷாமிலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரேசாவுக்குக் கோபம் வந்தது. மீன் பைத்தியம் முற்றிப்போய்க் குழந்தையின் வாயிலிருந்தே பிடுங்கும் அளவுக்கு வந்துவிட்டதா என்று கேட்டாள். நல்லாக் கொதிக்க வச்சுத்தானே குடுக்குறோம், இதுக்கு மேல ஒருத்தி என்ன செய்வா என்றாள். கொதிக்கக் கொதிக்கத்தான் அது கூடியது என்பதை அம்மாவிடம் அந்த நேரத்தில் சொல்ல ஷெரோமிக்கு மனம் வரவில்லை. இரண்டு சிவப்புக் குழாய்களையும் ஷாமிலாவின் முன்னால் நீட்டி, இது மீன் தண்ணி, இது பாப்பா தண்ணி என்று மட்டும் சொன்னாள். ஷாமிலா குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். உடனே எழுந்து சால்வையை எடுத்தாள்.

மரக்கறித் தோட்டத்திலிருந்த றொக்சனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, திரீவீலில் கிளம்பினார்கள். நுவரெலியா போய்ச் சேரும்வரை ஷெரோமி சாரதியின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மடியில் ஒரு போத்தலில் குசினித் தண்ணீரும், சோதனைப் பெட்டியும். குழந்தை அழுது களைத்து, அழ வேண்டிய நேரத்திலும் அழாமல் கிடந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு சின்ன வயது டாக்டர் பெண். ஷெரோமி சிங்களத்தில் மூச்சு விடாமல் சொன்னாள். தண்ணீர், பால்மா, மீன் தொட்டி எல்லாம் குழம்பித்தான் வந்தது. டாக்டர் நடுவில் நிறுத்தி, மீன் தொட்டியை விட்டுவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள். குழந்தையின் விரலில் மாட்டிய கருவி காட்டிய எண்ணையும், பிராணவாயு வைத்த பிறகும் அது ஏறாததையும் டாக்டர் கவனித்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குள் வந்த ரத்தம் சிவப்பாக இல்லை. சாக்லேட்டைக் கரைத்த மாதிரி இருந்தது. டாக்டர் அதை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார், பிறகு தொலைபேசியை எடுத்துப் பெரிய டாக்டரை அழைத்தார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

கொடுத்த மருந்து மை மாதிரிக் கரு நீலம். நீலம் பாய்ந்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று, பின்னால் வந்து சேர்ந்த றொக்சன் மிரண்டுபோய் நின்றான். சாயங்காலத்துக்குள் குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியது. குழந்தை நனைத்த துணி பச்சை நீலமாக இருந்ததைப் பார்த்து ஷாமிலா பதறியபோது, மருந்து அப்படித்தான் வெளியே போகும் என்று வார்டில் இருந்த தாதி மிஸ்ஸி சிரித்தாள். ஷாமிலாவும் சிரிக்கப் போய், அது அழுகையாக முடிந்தது.

வார்டில் குழந்தை தேறி வந்த நாட்களில் ஷெரோமி வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தாள். தொட்டியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நட்சத்திரப் பவளம் கரைந்து சளியாக ஒழுகியது அவள் கவனத்தில் படவே இல்லை. அவள் மனசு முழுக்க ஒரே ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது: இது எங்கிருந்து வருகிறது?

குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயின் வழியே மலை ஏறினாள். தேயிலை முடிகிற இடத்தில், காட்டுக்குக் கீழே ஒரு ஊற்று. அதைக் கட்டிய சீமெந்துத் தொட்டியிலிருந்துதான் அவர்கள் வீட்டுக்கும், லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பொதுக் குழாயான பீலிக்கும் தண்ணீர் இறங்கியது. அந்தத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தாள்: சிவப்பு. பக்கத்து ஓடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே, காட்டோரம் வரை போய்ச் சோதித்தாள்: வெளிறிய மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். றொக்சனின் மரக்கறித் தோட்டம்.

பாத்தி பாத்தியாக லீக்ஸும் உருளைக்கிழங்கும் கரும் பச்சையில் செழித்து நின்றன. ஊற்றுக்கு நேர் மேலே, சரிவின் விளிம்பில், கோழி எரு மூட்டைகளை அவிழ்த்துக் குவித்து வைத்திருந்தான். மழை அதைக் கரைத்துக் கரைத்துப் பழுப்பாக ஒரு தடம் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் யூரியா மூட்டைகள். ஷெரோமி அந்தத் தடத்தின் மேல் போய் நின்றாள். அப்புறம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கத் தொடங்கினாள். இதை எப்படி அவனிடம் சொல்வது?

கொழும்பில் ஒரு கடையில் கூண்டுக்குள் அடைபட்டதுபோல் கிடந்துவிட்டு, போதும் என்று வந்தவன் றொக்சன். புல் மண்டிக் கிடந்த இந்தத் துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, தன் கையாலேயே பண்படுத்தினான். ஷாமிலாவை அவன் கட்டியதும், வீட்டில் இன்னொரு அறை எழும்பியதும் இந்த லீக்ஸால்தான். யார் வந்தாலும் முதலில் இங்கேதான் கூட்டி வருவான்.

அவன் மண்வெட்டியோடு வந்தபோது அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகியது.

"எரு போடாம லீக்ஸ் வெளையுமாக்கா? இந்தப் பக்கம் யாரு போடல?"

"போடாதன்னு சொல்லலடா. ஊத்துக்கு மேல குமிச்சு வச்சிருக்கியே, அதத்தான் சொல்றேன்."

அவன் குவியலைப் பார்த்தான், கீழே இறங்கிய தடத்தைப் பார்த்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். தன் பிள்ளைக்குத் தானே ஊட்டியிருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கிவிட்டது என்பதை அவள் கண்டாள். தோளில் கை வைக்கப் போனாள். அவன் தட்டிவிட்டான்.

எருவை இன்றைக்கே எடுத்துவிடுவதாகச் சொன்னான். ஆனால் ஒரு நிபந்தனை: வெளியே யாருக்கும் மூச்சு விடக்கூடாது. லயத்து ஆட்களுக்குத் தெரிந்தால் காணியை விடச் சொல்வார்கள், பெற்ற பிள்ளையையே கொல்லப் பார்த்தவன் என்று பெயர் வரும், அந்தப் பெயரோடு இங்கே எப்படி இருப்பது? மண்ணில் இறங்கியது அத்தனை சீக்கிரம் போகாது, எடுத்த பிறகும் தண்ணீர் வெகு நாளைக்குச் சிவப்பாகத்தான் காட்டும் என்று ஷெரோமி சொன்னது அவன் காதில் ஏறவில்லை. கடைசியில் அவள் சரி என்றாள். தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

சொன்னாளே ஒழிய, அந்தச் சொல் அவளை ஒரு இடத்தில் இருக்க விடவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தாள். துணி துவைக்க எடுத்தவள் பாதியில் விட்டுவிட்டுப் பாதைக்கு வந்தாள். வீட்டுக் குழந்தைக்கு இப்போது பஜாரில் வாங்கிய போத்தல் தண்ணீர். கீழே லயத்தில் யார் யார் வீட்டில் கைக்குழந்தை என்று மனசு தானாக எண்ணிக்கொண்டே போனது.

மறுநாள் கொழுந்து ஏற்றிய லொறிக்கு ஒதுங்கி அவள் நின்ற இடம் பிள்ளைக் காம்பராவின் வாசல். மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ளும் நாகலெட்சுமி, ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு அடுப்பில் பெரிய கேத்தலை ஏற்றிக்கொண்டிருந்தாள். மேசையில் துணி விரித்து, வரிசையாகச் சூப்பிப் போத்தல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய பிளாஸ்டர்.

ஷெரோமி கடந்துபோகப் பார்த்தாள். நாலடி போய்விட்டுத் திரும்பினாள்.

தண்ணீரைப் பற்றியும், ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றியும் அவள் சொன்னதை நாகலெட்சுமி முழுக்கக் கேட்டாள். பாப்பாவுக்கு இதயத்தில் ஓட்டை என்றல்லவா பேசிக்கொண்டார்கள் என்றாள். இல்லையென்று தெரிந்ததும், கேத்தலைத் துணியால் பிடித்து இறக்கி, வாசலுக்குக் கொண்டுபோய்க் கடைசிச் சொட்டுவரை கொட்டினாள். கொட்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கேருந்து வந்துச்சு ஷெரோமி, இது?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு சொல் நாக்கு நுனியில் இருந்தது. காட்டில் ஏதோ அழுகியிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் எங்கிருந்து என்று சொல்லாவிட்டால் யாரும் இந்தத் தண்ணீரைக் குடிப்பதை விடமாட்டார்கள். ரெண்டு நாள் பயந்துவிட்டு மறுபடி பீலிக்குத்தான் வருவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"எங்க தோட்டத்துலேருந்து," என்றாள். "தம்பி எருவக் குமிச்ச எடம் ஊத்துக்கு நேர் மேல. தெரியாமத்தான் செஞ்சான். ஆனா அங்கேருந்துதான்."

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சொன்ன செய்தி மாதிரி அது மத்தியானத்துக்குள் எல்லா மலைக்கும் போய்விட்டது. வேலை முடிந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்களும் வந்தார்கள். தோட்டத் தலைவர் செல்லசாமி முன்னால் நின்றார். ஒரு பெண் தன் பிள்ளை இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டு போவதாகச் சொல்லி, அதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டாள். லீக்ஸைப் பிடுங்கி எறியுங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. றொக்சன் வாசலில் நின்றான். அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்தான்.

அப்போது ஷாமிலா குழந்தையோடு வெளியே வந்தாள். அதிகம் பேசாதவள் அவள். கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். லயத்து ஆட்களோடு இன்னும் அத்தனை பழக்கமும் இல்லை.

"என் புள்ளதான் மொதல்ல குடிச்சுச்சு," என்றாள். "ஒங்க புள்ளைங்களயும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க. நானும் கூட வாறேன். திட்டுறதுன்னா அப்புறமா வந்து திட்டுங்க."

கூட்டம் கரையவில்லை, ஆனால் சத்தம் அடங்கியது. செல்லசாமி திரீவீலுக்குச் சொல்லி அனுப்பினார். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் ஏறினார்கள். அவர்களில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் லேசாக அதே பாதிப்பு இருந்தது. பால் தண்ணீரை மாற்றியதிலேயே சரியாகிவிட்டது. இளைத்த பிள்ளைக்கு வயிற்றுப் பூச்சி. தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. மாத்தயா வந்து ஊற்றிலும் பீலியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். ஷெரோமியின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நம்பி ஒன்றும் எழுத முடியாது, ஆனால் நீ பார்த்தது நல்லது என்றார். ஆய்வுக்கூட முடிவும் அதையேதான் சொன்னது. ஊற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிப் பீலியில் ஒட்டினார்கள். காட்டோரத்துக்கு மேலே, தோட்டம் தொடாத இடத்திலிருந்து புதுக் குழாய் இழுப்பதென்று முடிவாயிற்று.

அந்த நாட்கள் வீட்டுக்குள் கொடுமையாக இருந்தன. றொக்சன் அக்காவோடு பேசுவதை விட்டுவிட்டான். அவள் வரும் அறையிலிருந்து எழுந்து போனான். எருவைச் சுமந்து சுமந்து தோட்டத்தின் அந்தக் கடைசிக்கு மாற்றி, அடியில் தகரமும் மேலே தாரப்பாயும் போட்டு மூடினான். ஊற்றுப் பக்கத்துப் பாத்திகளைத் தானே அழித்தான். செய்ததை யாருக்கும் சொல்லவில்லை. தெரேசா இருவருக்கும் நடுவில் தட்டுகளை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். கேத்தல் விஷயம் அவளுக்கு யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் அடுப்பின் முன் நிற்கும்போதெல்லாம் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

ஷெரோமி செபிக்கத் தெரியாமல் வேலையைப் பிடித்தாள். கூரையின் பீலித் தகரத்தைத் துடைத்து, முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழையைப் பீப்பாயில் பிடித்தாள். சோதித்தாள், மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. அதில் உப்பைக் கரைத்தாள். ஒரே அடியாக மாற்றினால் மிஞ்சிய உயிர்களும் போய்விடும் என்று துஷாந்த் எச்சரித்திருந்ததால், ஆத்திரத்தை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். பொறுமை அவளுக்குப் பழக்கமில்லாத பண்டம். சிவப்பு ஆரஞ்சானது, ஆரஞ்சில் வெகு நாள் நின்று வதைத்தது, பிறகு ஒரு காலையில் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. தோல்பவளம் மெழுகுத்தாள் மாதிரி ஒரு சட்டையை உரித்துப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தது. நட்சத்திரப் பவளம் இருந்த பாறை வெறும் பாறையாகவே கிடந்தது.

புதுக் குழாய் இழுக்கும் நாளில் லயத்து ஆண்கள் எல்லாரும் மலையில் இருந்தார்கள். றொக்சனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகக் கடப்பாரையோடு போய், கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, யாரும் தொடாத பாறைப் பகுதியில் தனியாகத் தோண்டத் தொடங்கினான். வெகு நேரம் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு செல்லசாமி குழாய்ச் சுருளை உருட்டிக்கொண்டு வந்து, ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, பிடி என்றார்.

ஷெரோமியும் நாகலெட்சுமியும் தேநீர் கொண்டு போனார்கள். றொக்சனிடம் வந்தபோது ஷெரோமி கோப்பையைப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டு நகரப் பார்த்தாள். அவன் எடுத்து ஒரு மிடறு குடித்தான்.

"சீனி பத்தல," என்றான், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

அவள் போய்ச் சீனி கொண்டு வந்தாள். அவர்களுக்குள் அதற்கு மேல் எந்தச் சமாதானமும் நடக்கவில்லை. அடுத்த போகத்துக்கு எங்கே எரு போடலாம், எங்கே கூடாது என்று ஒரு நாள் அவனே வந்து கேட்டான். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு விவசாயக் கந்தோரில் கேட்கச் சொன்னாள்.

ஆனால் செய்தி மேக்கணக்கோடு நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் மரக்கறி போட்டார்கள், அங்கேயும் ஊற்றுகள் இருந்தன. முதலில் ஒருவர் சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு கிழமைக்கு நாலைந்து பேர் வந்தார்கள், இறம்பொடையிலிருந்துகூட ஒருவர் பஸ் ஏறி வந்தார். தான் டாக்டருமில்லை, பி.எச்.ஐ.யுமில்லை, இது மீன் தொட்டிக்கு வைத்திருக்கும் சாமான் என்று ஷெரோமி வாசலிலேயே சொல்லிப் பார்த்தாள். போத்தலை நீட்டியபடியே நின்றார்கள். சோதித்து, சிவந்தால் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பெரும்பாலும் மஞ்சள்தான். சில வேளை ஆரஞ்சு.

மருந்துச் சொட்டு தீர்ந்துபோன அன்று மழை பிடித்துக்கொண்டிருந்தது. துஷாந்தை அழைத்து இன்னொரு பெட்டி அனுப்பச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே படலைத் திறக்கும் சத்தம் கேட்டது. குடையில்லாமல், கொழுந்து பறிப்பவர்கள் மழைக்குப் போடும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண். ஒரு கையில் துணியில் சுற்றிய குழந்தை, மறு கையில் தண்ணீர்ப் போத்தல். போனை வைத்துவிட்டு ஷெரோமி எழுந்தாள். சோதிக்க ஒன்றுமில்லை, நாளைக்கு வா என்று சொல்ல வாயெடுத்தவள், குழந்தையின் முகத்துணியை விலக்கி உதட்டைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க, நனையாதீங்க," என்றாள். "தண்ணி கெடக்கட்டும். புள்ளைக்குத் தாய்ப்பாலா, பால்மாவா? அத மொதல்ல சொல்லுங்க."